இடது கைக் கடிகாரம்

அப்பாவுக்குச் சட்டை போடுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் வராத கை. பிறகு வருகிற கை. எல்லாம் முடிந்த பிறகு வாட்ச்.

குளிப்பதற்காகக் கழற்றி வைத்திருந்த எஃகு வாட்சை மேசையிலிருந்து எடுத்து, பாப்பா காதோரம் வைத்துப் பார்த்தாள். தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகும் பிறந்த வீட்டில் அவள் பாப்பாதான்.

“ஓடுதா?” என்றார் அப்பா.

“ஓடுதுப்பா.”

“எங்க, காட்டு.”

அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். வெண்ணெய் நிறத்துக்கு மாறிப்போயிருந்த முகப்பில் விநாடி முள் தயங்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா அதையே பார்த்தார். வாயின் வலது ஓரம் சிரித்தது. இடது ஓரம் இன்னும் வீடு திரும்பவில்லை.

“கட்டு,” என்றார்.

கடையில் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் பக்கவாதம் வந்து சரிந்தார். படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை. ஆஸ்பத்திரியில் உயிர் மிஞ்சியது, பேச்சு வந்தது, கோலை ஊன்றி நாலடி நடக்கவும் வந்துவிட்டது. இடது கை மட்டும் வரவில்லை. கடையை அண்ணன் பார்த்துக்கொண்டான். பாப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, புருஷனிடம் “கொஞ்ச நாள் சமாளிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் அது அந்தக் கையில் வந்துதான் நின்றது.

அந்தக் கையில் ஒரு வாட்ச் இருந்தது. அங்கேதான் எல்லாமே.

அப்பாவுக்குத் தொழில் சட்டம். ஆசை, பழைய வாட்ச். பீரோவின் நடுத்தட்டில் கரும்பச்சைத் துணி விரித்த மரத்தட்டு ஒன்று உண்டு. அதில் வரிசையாகப் படுத்திருக்கும். எல்லாம் சுருள்வில்லில் ஓடுகிறவை. பேட்டரியில் ஓடுவதை அவர் வாட்ச் என்றே சொல்ல மாட்டார். நேரம் காட்டுகிற டப்பா என்பார். வாங்கிப் பூட்டி வைக்கிறவர்களையும் அவருக்குப் பிடிக்காது. கட்டுவதற்குத்தான் வாட்ச். பேரம் பேசுகிற வாடிக்கையாளர் வருகிற நாளில் அகல முகப்பு. துக்க வீட்டுக்குக் கறுப்பு வாரோடு மெலிசான ஒன்று. மகன் பரீட்சை எழுதப் போன காலைகளில் எப்போதும் ஒரே வாட்ச். அது ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும். அதற்கு இரண்டு கை வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருக.

இந்த எஃகு வாட்சுக்கு மட்டும் அது வேண்டாம். இதற்குச் சாவியே கொடுக்க முடியாது. முள்ளைத் திருத்தலாம், அவ்வளவுதான். உள்ளே அரைவட்டமாகக் கனத்த தகடு ஒன்று இருக்கிறது. கட்டியவர் கையை அசைத்தால் தகடு சுழலும், தகடு சுழன்றால் சுருள்வில் இறுகும். கை அசையாவிட்டால் ஒன்றரை நாளில் நின்றுவிடும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அப்பா அதைத்தான் கேட்டார்.

“இடது கையில கட்டுங்க. பாப்போம்.”

நின்றது.

அதன் பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். யாரோடும் பேசவில்லை. அண்ணன்தான் பொறுக்க முடியாமல் வாட்சைக் குலுக்கி, நேரம் திருத்தி, மறுபடி அதே கையில் கட்டிவிட்டான். அன்றிலிருந்து இன்று காலை வரை அது நிற்கவேயில்லை.

“தூக்கத்துல அசையுது,” என்றார் அப்பா. “எனக்கே தெரியாம அசையுது. முழிச்சிருக்கும்போது வெக்கப்படுது.”

வீடே அதை நம்பியது. அந்த வீட்டில் டாக்டர் சொன்னால் இன்னொரு டாக்டரைக் கேட்பார்கள். வாட்ச் சொன்னால் மேல்முறையீடு கிடையாது.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ பெண் வந்தாள். செருப்பை வாசலில் விட்ட வேகத்திலேயே கட்டிலருகே வந்து நின்றாள்.

“முதல்ல வாட்சைக் கழட்டுங்க. அப்புறம் தொடுங்க,” என்றார் அப்பா. தினமும் சொல்வதுதான். “உங்க கை ஆட்டி ஓடின ஓட்டம் எனக்கு வேணாம். அது என் கையால ஓடணும்.”

“கழட்டிட்டேங்க.”

அவள் கையைத் தூக்கினாள், மடக்கினாள், நீட்டினாள். தோளில் ஓர் இடத்துக்கு வந்ததும் அப்பாவின் கண் இறுகியது.

“கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பாருங்க.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நெற்றி நரம்பு புடைத்தது. வலது கை விரல்கள் படுக்கை விரிப்பைக் கசக்கின. இடது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல அப்படியே கிடந்தது.

“அசைஞ்சுதா?”

“இல்லைங்க.”

“ராத்திரி அசையுது.”

“ராத்திரி நான் இருக்கறதில்லையே.”

“வாட்ச் இருக்கே,” என்றார் அப்பா.

வாசலில் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தான். பிசியோ அவனையும் பாப்பாவையும் சேர்த்தே நிறுத்தி வைத்துப் பேசினாள்.

“பயிற்சி இல்லத்துல ஒரு கட்டில் காலியாகுது. நான் சொல்லி வச்சதால இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் தர மாட்டாங்க. அங்கேயே தங்கி, நாள் முழுக்க அந்தக் கையைப் போட்டு வேலை வாங்குவாங்க. வீட்ல நான் வந்து தொட்டுட்டுப் போறது போதாது.”

“அவர் வேணாங்கறாரே,” என்றான் அண்ணன்.

“இப்ப விட்டா, மூளை அந்தக் கையை மறந்துடும் சார். தோள்பட்டை இறங்க ஆரம்பிச்சாச்சு. அப்புறம் நீங்களே கூட்டிட்டு வந்து நிப்பீங்க, நாங்க கையை விரிப்போம்.”

“ஆனா அந்த வாட்ச் ஓடுதே மேடம்.”

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். “வாட்ச் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. விரல் அசையல. அது தெரியும்.”

அவள் போன பிறகு அண்ணன் வண்டிச் சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றான்.

“அவருக்கு இஷ்டமில்லாம குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போக முடியுமா பாப்பா?”

“நான் போய் அந்த இடத்தைப் பாத்துட்டு வரேன்.”

“பாரு. பாக்கறதுல ஒண்ணுமில்ல. ஆனா சாயங்காலம் வேணாம்னு சொல்லிடலாம்னுதான் எனக்குத் தோணுது. தானா வர்றதை எதுக்கு இழுத்துட்டுப் போய்...”

அவன் முடிக்காமலே வண்டியைக் கிளப்பினான்.

பயிற்சி இல்லம் பாப்பா பயந்த மாதிரி இல்லை. ஆஸ்பத்திரி வாடை அடிக்கவில்லை. நீளமான ஒரு கூடம். பிடித்து நடக்க இரு பக்கமும் கம்பிகள், ஆளுயரக் கண்ணாடி. ஒரு மேசை முழுக்கக் கதவுத் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, சுவிட்சு, பூட்டு என்று பலகையில் அடித்து வைத்திருந்தார்கள்.

ஜன்னலோரம் அப்பா வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் மட்டும். வலது கையை நாற்காலிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதவவே இல்லை. பொத்தான் ஓட்டைக்கு அருகில் போகும், வழுக்கும், மறுபடி போகும். பாப்பாவுக்குக் கிட்டே போய் மாட்டிவிடலாம்போல் இருந்தது.

கடைசியில் அவரே மாட்டிவிட்டார். ஒரே ஒரு பொத்தான். அந்தப் பெண் “அடுத்தது” என்றாள்.

அவர் பாப்பாவைப் பார்த்தார். “யாருக்கும்மா? அப்பாவுக்கா?”

“ஆமாங்க.”

“சீக்கிரம் கூட்டிட்டு வந்துடுங்க. நான் உடனே வந்துட்டேன். வந்தப்போ இந்தக் கை என்னோடதானான்னு எனக்கே சந்தேகம். பக்கத்துக் கட்டில்காரர் ரொம்ப நாள் வீட்லயே இருந்துட்டு வந்தார். பாவம்...”

மேலே சொல்லாமல் இரண்டாவது பொத்தானுக்குக் குனிந்துவிட்டார்.

சாயங்காலம்தான் வருவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மத்தியானமே திரும்பினாள். எப்படியாவது அப்பாவைக் கிளப்பிவிட வேண்டும். அழுதாவது, சண்டை போட்டாவது.

முன்னறையில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. இடது கையைத் தலையணை மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் வாட்ச் இல்லை. சங்கிலி அழுந்திய வெளிறிய தடம் மட்டும்.

மேசையைப் பார்த்தாள். அங்கும் இல்லை.

பின்கட்டிலிருந்து துடைப்பச் சத்தம் வந்தது.

அம்மா பெருக்கிக்கொண்டிருந்தாள். காலையில் பெருக்கிய இடம். பெருக்குவதற்கு ஓர் இலைகூட இல்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் சிமெண்ட் தரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை வீசி வீசிப் பெருக்கினாள். அவளுடைய வலது கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, அந்த எஃகு வாட்ச். மணிக்கட்டில் நிற்காமல் நழுவும் என்று மேலே தள்ளி மாட்டியிருந்தாள்.

பாப்பா நின்ற இடத்திலேயே நின்றாள்.

அம்மா திரும்பினாள். துடைப்பம் நின்றது.

“சத்தம் போடாத,” என்றாள்.

“நீயாம்மா?”

“மெதுவாப் பேசு.”

“எப்போலேர்ந்து?”

“அண்ணன் குலுக்கிக் கட்டினான்ல, அதுக்கு அடுத்த நாள்லேர்ந்து.” அம்மா சுவரில் சாய்ந்தாள். “அந்த மனுஷன் சுவத்தைப் பாத்துட்டுக் கிடந்ததை நீ பாக்கல. நீ அப்போ வரல. தண்ணிகூட வேணாம்னார். கூப்பிட்டாத் திரும்ப மாட்டார். நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிஞ்சது இதுதான். கையில கட்டிட்டு வேலை செஞ்சா அது ஓடும்.”

“கழட்டும்போது அவர் முழிச்சுக்க மாட்டாரா?”

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தக் கையைத் தொட்டா அவருக்குத் தெரியாது பாப்பா.”

அம்மா துடைப்பத்தை மூலையில் வைத்தாள்.

“கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அந்தத் தட்டுல ஒண்ணைத் தொட விட்டதில்ல,” என்றாள் அம்மா. “கை எண்ணெய் ஒட்டும்பார். துடைக்கிறேன்னு சொன்னாக்கூட, ‘உன் வேலையைப் பாரு இவளே’ம்பார். இப்பப் பாரு, சக்களத்தியைக் கையில கட்டிட்டுப் பின்கட்டைப் பெருக்கறேன்.”

சிரிக்கத்தான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பாப்பா கட்டில் விஷயத்தைச் சொன்னாள். பொத்தான் போட்டவரைச் சொன்னாள். மூளை மறந்துவிடும் என்று பிசியோ சொன்னதைச் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே வந்தவள், மெல்லப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவர் ஏன் போக மாட்டேங்கறார் தெரியுமாம்மா? அந்த வாட்ச் ஓடுது. அதனால.”

“அவர் தெம்பா இருக்கணும்னுதானே...”

“தெரியும்.”

“தெம்பா இருந்தாத்தானே கை வரும்னு...”

“தெரியும்மா.”

அம்மா வாட்சைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“சொன்னா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிடுவார். இந்தத் தடவை வெறும் வாட்ச் இல்ல. நான் ஏமாத்தினது. திரும்பினா இந்தப் பக்கம் வரவே மாட்டார்.”

“சொல்லலைன்னா கை வராது.”

“நீ சொல்லாத. சொல்றதுன்னா என் வாயாலதான் வரணும். அதை மட்டும் எனக்கு விட்டுடு.”

“சரி. நான் சொல்லல. ஆனா இன்னிக்கே சொல்லணும்.”

உள்ளே அப்பா இருமினார். அம்மா சட்டென்று எழுந்தாள். வாட்சைக் கழற்றித் தலைப்பில் துடைத்தபடியே உள்ளே ஓடினாள். கதவு வழியாகப் பாப்பா பார்த்தாள். தளர்ந்து கிடந்த கையில் அம்மா அதை மாட்டினாள். கொக்கியை ஓசையில்லாமல் அழுத்தினாள். முகப்பு மேல்நோக்கி இருக்கும்படி கொஞ்சம் திருப்பி வைத்தாள். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்.

வீட்டில் உட்கார முடியாமல் பாப்பா கடைக்குப் போனாள்.

அண்ணன் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தான். அளவுகோலை வைத்து, அறுக்கும் சக்கரத்தை ஒரே இழுப்பில் இழுத்தான். மறுபடி இழுத்தால் கண்ணாடி தாறுமாறாக உடையும் என்பது அப்பா சொல்லிக்கொடுத்தது. அடியில் தட்டினான். கோடு போட்டதுபோல் பிரிந்தது. சுவர் முழுக்கச் சட்ட மூலைகளின் மாதிரிகள் தொங்கின. தங்கம், கறுப்பு, வெறும் மரம்.

“எப்படி இருந்துச்சு இடம்?” என்றான்.

“நல்லா இருக்குண்ணா. ரொம்ப நல்லா இருக்கு.”

“நல்லாத்தான் இருக்கும்.” அடுத்த கண்ணாடியை எடுத்தான். “அப்பாவுக்கு வேணாமே.”

“நீ சொன்னாக் கேப்பார்.”

“நான் எப்படிச் சொல்ல? எனக்கே நம்பிக்கை அந்த வாட்ச் மேலதானே.” அவன் கையைத் துடைத்துக்கொண்டான். “தினம் காலையில கடையைத் தொறந்ததும் அம்மாவுக்குப் போன் பண்றேனே, என்ன கேக்கறேன்னு நினைக்கற? சாப்பிட்டாரா, தூங்கினாரான்னா? வாட்ச் ஓடுதான்னு கேப்பேன். ஓடுதுன்னு அம்மா சொன்னாத்தான் எனக்கு இந்தச் சுத்தியலையே எடுக்கத் தோணும்.”

பாப்பா வாயைத் திறந்தாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“மூலை சேக்கறதுக்கு ரெண்டு கை வேணும் பாப்பா. ஒண்ணு பிடிக்க, ஒண்ணு அடிக்க. அவர் இங்க வந்து நிக்கணும். என்னைத் திட்டணும். அது நடக்கத்தான் போகுது. தானா நடக்கறதைத் தொந்தரவு பண்ணாதன்னு அவர் கேக்கறார். கேட்டுட்டுப் போறேன்.”

“சாயங்காலம் நான் சொல்ற வரைக்கும் அந்த இல்லத்துக்குப் போன் பண்ணாத.”

“வீட்ல வச்சே பண்றேன். அப்பா முன்னாடி.”

அம்மா சொல்லிவிட்டிருப்பாள் என்ற நினைப்பில்தான் பாப்பா வீட்டுக்குள் நுழைந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. சொல்லவில்லை. அம்மா சமையலறையில் இருந்தாள். வெளியே வரவில்லை.

அண்ணன் வந்தான். கட்டிலோரம் உட்கார்ந்தான். ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது.

“அப்பா, அந்த இல்லத்துக்குப் பதில் சொல்லணும்.”

“சொல்லு. வேணாம்னு சொல்லு.” அப்பா வலது கையால் இடது கையைத் தூக்கிப் பிடித்தார். “இதைப் பாரு. ஓடுதா இல்லையா?”

“ஓடுது.”

“இந்த நிமிஷம் வரைக்கும் நிக்கல. அந்தப் பொண்ணு விரலைப் பாக்கறா. விரல் கடைசியில வரும். முதல்ல தோள், அப்புறம் முழங்கை, அப்புறம்தான் விரல். உள்ள என்ன நடக்குதுன்னு இதுக்குத்தான் தெரியும்.”

“சரிப்பா.” அண்ணன் போனை எடுத்தான். “வேற யாருக்காவது கொடுத்துடச் சொல்றேன்.”

பாப்பா சமையலறைக் கதவைப் பார்த்தாள். அம்மாவின் நிழல் தரையில் தெரிந்தது. அசையவில்லை.

மறுமுனையில் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு மணி. இன்னொரு மணி. யாரோ எடுத்து “சொல்லுங்க” என்றார்கள்.

பாப்பா அண்ணன் கையிலிருந்து போனைப் பிடுங்கி இணைப்பைத் துண்டித்தாள்.

“என்ன பண்ற?”

“அந்த வாட்ச் அப்பா கையால ஓடல.”

சொன்ன பிறகுதான் தெரிந்தது, சொல்லிவிட்டாள் என்று. அண்ணன் அவளைப் புரியாமல் பார்த்தான். அப்பா சிரித்தார், வலது ஓரத்தால்.

“பின்ன யார் கையால ஓடுதாம்?”

வாக்கில் பாதியை உடைத்தாயிற்று. மீதியையாவது காப்பாற்றலாம் என்று பாப்பா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“கேக்கறேன்ல. யார் கையால?”

“என் கையால,” என்றாள் அம்மா.

கதவருகே நின்றிருந்தாள். அவள் குரலில் அழுகை இல்லை. விலை கேட்டவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

அப்பாவின் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்துபோய்.

“எப்போ?”

“மத்தியானம். நீங்க தூங்கும்போது.”

“தண்ணி பட்டுச்சா?”

“அப்பா...” என்றான் அண்ணன்.

“படலைங்க,” என்றாள் அம்மா. “பாத்திரம் தொடும்போது கழட்டி வச்சிடுவேன். பெருக்கறது, துணி மடிக்கறது. அவ்வளவுதான்.”

அப்பா தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்குத் திருப்தி தந்ததுபோல இருந்தது. பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்துக்கு வந்து சேர்ந்தது. பாப்பாவால் பார்க்க முடியவில்லை.

“கட்டு,” என்றார்.

“என்னங்க?”

“கட்டிக் காட்டு. பாக்கறேன்.”

பாப்பாதான் அவர் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அம்மா வாங்கிக் கட்டிக்கொண்டாள். நழுவாமல் இருக்க முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டாள்.

“பெருக்கு.”

அம்மா மகனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு துடைப்பம் இல்லாமலே, வெறும் கையை வீசினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. அம்மாவின் கை திரும்புகிற இடத்தில் வாட்சுக்குள்ளிருந்து மெல்லிய ஓசை வந்தது. சிறிய மணல் சரிகிறதுபோல.

“கேக்குதா?” என்றார் அப்பா மகனிடம்.

“கேக்குதுப்பா.”

“உள்ள தகடு சுத்துது. வாங்கின நாள்லேர்ந்து என் காதுல இருக்கற சத்தம். தூக்கத்துல புரண்டாக்கூட எழுப்பிவிடும்.” அவர் தன் இடது கையைப் பார்த்தார். “ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பிறகு, ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடந்திருக்கேன். ஒரு தடவைகூட அந்தச் சத்தம் என் கையில கேக்கல. கேக்கலைன்னு எனக்குத் தெரியும். காலையில முள் ஓடுதா, அதை மட்டும் கேட்டேன்.”

அம்மா இன்னும் கையை வீசிக்கொண்டிருந்தாள்.

“போதும்,” என்றார். அவள் நிறுத்தினாள்.

“அந்த இல்லத்து ஆளைக் கூப்பிடு,” என்றார் மகனிடம். “காலையில வரேன்னு சொல்லு.”

அண்ணன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். வீட்டுக்குள் பேசுகிற நிலையில் அவன் குரல் இல்லை.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உடனே வேலை பிடித்துக்கொண்டது அவளை. “துணி எடுத்து வைக்கறேன். தங்கறதுன்னா போர்வை நம்மளோடது கொண்டு போயிடலாம், அங்க என்ன கொடுப்பாங்களோ. நான் பக்கத்துலயே படுத்துக்க இடம் கேட்டா...”

“பாப்பா எடுத்து வைப்பா,” என்றார் அப்பா. “கூடவும் பாப்பா வரட்டும்.”

“நானும்...”

“நீ வர வேணாம்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அம்மா சற்று நின்றாள். பிறகு வாட்சின் கொக்கியைத் தேடினாள். விரல் வழுக்கியது.

“இருக்கட்டும்,” என்றார் அப்பா. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பாப்பா துணிகளை எடுத்து வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தபோது அம்மா குழாயின் முன்னால் நின்றிருந்தாள். தொட்டியில் பாத்திரங்கள் கிடந்தன. குழாயைத் திறக்கவில்லை. வாட்ச் முழங்கையருகே இருந்தது.

“கழட்டி வச்சிட்டு உக்காரும்மா. நான் கழுவறேன்.”

“கழட்டலாமா?”

“ஏன்?”

“இருக்கட்டும்னாரே.” அம்மா திரும்பவில்லை. “கோவத்துல சொன்னாரா, நிஜமாவே வச்சுக்கன்னு சொன்னாரா? நீ அவர் முகத்தைப் பாத்தியா?”

பாப்பா பார்த்திருந்தாள். ஆனால் அந்த முகத்தில் பாதிதான் பேசும். அந்தப் பாதி ஜன்னல் பக்கம் இருந்தது.

“தெரியலம்மா.”

முன்னறையில் கட்டில் கிரீச்சிட்டது. அப்பா புரண்டு படுக்கப் பார்க்கிறார். அவரால் தனியாக முடியாது. தோளுக்குக் கீழே கை கொடுத்து, வராத கையை முதலில் எடுத்து நெஞ்சின் மேல் வைத்து, பிறகு மெதுவாகத் திருப்ப வேண்டும். அம்மாவுக்கு மட்டுமே அது வலிக்காமல் வரும். “இவளே” என்ற சத்தத்துக்காக அம்மா தலையைச் சாய்த்தாள். கால் ஏற்கெனவே வாசற்படியில் இருந்தது.

“பாப்பா,” என்று கூப்பிட்டார் அப்பா.

அம்மா காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

“போ,” என்றாள். “தோளைப் பிடிச்சு இழுத்துடாத. வராத கையை முதல்ல எடு.”